புது வரப்பில் மூன்று பல்

என் கிளினிக்கை இப்போது நடத்திவரும் டாக்டர் நிவேதா போன மாதம் ஒரு வேலை கொடுத்தாள். எலும்பு வைத்துத் தைத்து அனுப்புகிற நோயாளிகளின் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டுமாம். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பத்தே வரி. "நீங்க எழுதினா நல்லாயிருக்கும் சார், உங்களுக்குத் தமிழ் வரும்" என்றாள். ஓய்வுபெற்றவனிடம் வேலை வாங்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. உடனே உட்கார்ந்தேன்.

சூடாக எதுவும் குடிக்காதீர்கள், உதட்டைத் தூக்கித் தூக்கிக் கண்ணாடியில் பார்க்காதீர்கள், புகை பிடிக்காதீர்கள் என்று மூன்று வரி மளமளவென்று வந்தது. நாலாவது வரி, 'கழற்றி மாட்டும் பல் செட்டை மருத்துவர் சொல்லும்வரை போடாதீர்கள்.' அதை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்த ஒரு வரியை ஒருமுறை நான் வாயால் சொன்ன விதத்தில்தான் என் தொழிலின் மிகப் பெரிய முட்டாள்தனம் நடந்தது. ஆகவே நிவேதாவின் தாள் இன்னும் முடியவில்லை. அதற்குப் பதிலாக இது வந்திருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பல் போன இடத்தில் தாடை எலும்பு அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். இருக்காது. வேலை இல்லாத நாற்காலியில் அரசாங்க ஊழியர்கூட உட்கார்ந்திருப்பார், எலும்பு உட்கார்ந்திருக்காது. வருஷா வருஷம் கரைந்து போய்விடும். இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் திருகி இறக்கும் சின்ன டைட்டானியம் திருகு. அதன் தலைமேல்தான் பல் உட்காரும். திருகைச் சுற்றி எலும்பு வேண்டும். இல்லாதவர்களுக்கு முதலில் எலும்பு கொண்டுவந்து வைத்து, அது ஒட்டிக்கொள்ள நாலைந்து மாதம் பொறுத்து, அப்புறம்தான் திருகு.

இதைப் புரியவைக்க எனக்கு ஒரு உவமை இருந்தது. "வரப்பு கரைஞ்சு கத்தி மாதிரி ஆயிடுச்சு. அதுல வேலிக்கால் ஊன முடியுமா? மண்ணு அணைச்சு அகலமாக்கித்தானே ஊனணும்?" என்பேன். பாபநாசத்திலிருந்து வேதாரண்யம் வரைக்கும் யார் வந்து உட்கார்ந்தாலும் தலையாட்டிவிடுவார்கள். உவமை சொல்கிற நான் வாழ்நாளில் நாலு தடவை வரப்பில் நடந்து, மூன்று தடவை வயலுக்குள் விழுந்தவன் என்று அவர்களுக்குத் தெரியாது.

எங்களுடையது மிராசுதார் குடும்பம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாத்தா காலத்தில் வேலிக்கணக்கில் இருந்த நிலம், அப்பா காலத்தில் உச்சவரம்புச் சட்டத்தாலும் குத்தகைச் சட்டத்தாலும், அதைவிடக் கூடுதலாக அப்பாவின் சீட்டு விளையாட்டாலும் மெலிந்துகொண்டே வந்தது. நான் மருத்துவம் படித்துக் குலத்தைக் காப்பாற்றுவேன் என்று எதிர்பார்த்தார். எனக்கு இடம் கிடைத்தது பல் மருத்துவத்தில். உறவினர்களிடம், "டாக்டர்தான், ஆனா வாய்க்கு மட்டும்" என்று சொல்லிச் சமாளித்தார். படிப்பை முடித்துத் தஞ்சாவூரில் ஒரு சந்தில் கிளினிக் போட்டேன். முதல் பதினைந்து வருஷம் பல் பிடுங்கினேன், அடைத்தேன், ஜோக் அடித்தேன். பிடுங்கும்போது வலிக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. ஜோக்குதான் அதிகம் வலித்தது என்று சொன்னவர்களும் உண்டு.

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு எலும்பு ஆசை வந்தது. மாதத்தில் இரண்டு வாரக் கடைசிகள் சென்னைக்குப் போய் ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் கற்றுக்கொண்டேன். நாங்கள் அவரைச் 'சார்' என்று மட்டும் சொல்வோம். மேல்தாடையில் எலும்பு வைப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய சவ்வைக் கிழிக்காமல் விலக்கப் பழக வேண்டும். அதற்குச் சார் கொடுத்த வீட்டுப்பாடம் கோழிமுட்டை. மேலோட்டை மட்டும் துளைபோட்டுச் சில்லாக எடுக்க வேண்டும், உள்தோல் கிழியக் கூடாது. நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில், சுத்த சைவம். மொட்டை மாடியில் மறைவாக உட்கார்ந்து முட்டை உடைத்தேன். முப்பது முட்டைக்கு மேல் போன பிறகு அத்தான் மேலே வந்து, ஓட்டுக் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சாப்பிடணும்னா வெளியில போயி கௌரவமா சாப்பிடலாமே மாப்ள" என்றார். படிப்புக்காக என்று விளக்கியதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

சார் அதிகம் பேச மாட்டார். எலும்பை அறுக்கும்போது கருவி சூடாகக் கூடாது, சூடு பட்ட எலும்பு செத்துப்போகும். உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு விநாடி சொட்டு நின்றாலும் கருவியைத் தூக்கிவிட்டு, நீர் விடுகிறவரைத் திரும்பிப் பார்ப்பார். திட்ட மாட்டார், பார்ப்பார். அது போதும். எடுத்த எலும்புத் துண்டை ஈரத்துணியில் மூடி ஒரு கிண்ணத்தில் வைத்து, அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்வார். வேறு வேலை கிடையாது, நிற்பதுதான் வேலை. "அது இன்னும் உயிரோட இருக்கு. பாத்துக்குங்க" என்பார். பெரும்பாலும் நான்தான் நின்றேன், வேறெதற்கும் லாயக்கில்லை என்று கண்டுபிடித்திருப்பார். ஒருநாள் நின்ற இடத்திலிருந்து ஒரு ஜோக்கை ஆரம்பித்தேன். தலை நிமிராமலே சொன்னார்: "கடைசி முடிச்சு விழட்டும் டாக்டர். அதுக்கப்புறம் சொல்லுங்க."

முடிச்சு விழுந்ததும் அவரே திரும்பி, "ம், சொல்லுங்க" என்றார். சொன்னேன். சிரித்தார். அப்படிப்பட்ட மனிதர்.

தஞ்சாவூரில் நான் தனியாகச் செய்த எலும்பு வேலைகளில் ஏழாவதோ எட்டாவதோ பவுனம்மாளுடையது.

ஒரு ஜனவரிக் கடைசியில், திங்கட்கிழமை, முதல் ஆளாக வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெளிறிய பச்சைச் சேலை, கையில் ரெக்சின் பை. என்னிடம் இருபது வருஷமாக உதவியாளராக இருந்த சகாயமேரி பெயர் எழுதக் கேட்டதற்கு, "பவுனம்மா, பஞ்சாயத்துத் தலைவர்" என்று பதவியையும் சேர்த்துச் சொன்னார். தனித்தொகுதி, பெண்களுக்கான ஒதுக்கீடு. முதன்முறையாக அப்படி ஒரு தேர்தல் நடந்து, டெல்டாவில் பல ஊர்களில் அதுவரை வயலில் நின்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம். ஊர் எது என்று கேட்டேன். சொன்னார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்.

"அட, நம்ம பக்கம்தானா?" என்றேன்.

"தெரியும். பண்ணை வீட்டுப் புள்ளைதானே நீங்க" என்றார். ஐயா என்றோ, தம்பி என்றோ சேர்க்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

மேல்வரிசையின் முன்பல் இரண்டும் அதற்கு இடப்பக்கத்துப் பல்லும், ஆக மூன்று இல்லை. ரோஸ் நிறப் பிளாஸ்டிக் தகட்டில் ஒட்டிய மூன்று பல்லை இருபது வருஷத்துக்கும் மேலாக மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். எப்படிப் போனது என்று கேட்டேன். அறுபதுகளின் கடைசியில், கூலி நெல்லுக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்த அறுவடையில், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்க வந்திருக்கிறார்கள். இவருக்கு அப்போது பதிமூன்று வயது. அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோன இடத்தில் கைகலப்பு. "கூட்டத்துலேருந்து ஒரு கம்பு வந்துச்சு. யாரு கையின்னு பாக்கல. கஞ்சிதான் போச்சேன்னு அழுதேன், பல்லு போனது வீட்டுக்கு வந்தப்பறந்தான் தெரியும்" என்றார். பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் என்றால், குடியரசு தினத்துக் கிராம சபைக் கூட்டம். பாசன வாய்க்காலின் கரையை அரித்து அரித்து வயலோடு சேர்த்துக்கொண்டவர்களின் மேல் நடவடிக்கை எடுக்கத் தீர்மானம். கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வருவதே இல்லை. பவுனம்மாள் எழுந்து தீர்மானத்தை வாசிக்கும்போது 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை அழுத்திச் சொன்னதில் தகடு கழன்று தீர்மான நோட்டின் மேலேயே விழுந்துவிட்டது. கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் கரைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் கூடுதலாகச் சிரித்தார்கள். ஒருவர், "தலைவர் கையெழுத்துக்குப் பதிலா பல்லையே வச்சுட்டாங்கப்பா" என்றிருக்கிறார். கூட்டம் கலைந்தது, தீர்மானம் நின்றுபோனது.

"மே ஒண்ணாந்தேதி மறுபடியும் கொண்டாறேன்" என்றார் பவுனம்மாள். "இனிமே விழாத பல்லா வேணும்."

விரலால் ஈறைத் தடவிப் பார்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி ஒரு விளிம்புதான் மிச்சம். ஸ்கேன் எடுத்துவரச் சொன்னேன், அதுவும் அதையே சொன்னது. என் வரப்பு உவமையை எடுத்துவிட்டேன். அவர் ஒருவர்தான் அதைத் திருத்தினார்.

"மண்ணு அணைக்கிறது சரி. அணைச்ச வரப்புல உடனே யாரும் நடக்கக் கூடாது. ஒரு போகமாவது கெடக்கணும்."

"அதேதாம்மா இங்கயும்!" என்று குதித்தேன். என் சொந்த உவமையின் முக்கால்வாசி எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

எலும்பு எங்கிருந்து வரும் என்று கேட்டார். இதற்கு விற்பனையில் வெள்ளைத் துகள் புட்டிகள் உண்டு. சில மாட்டெலும்பிலிருந்து செய்தவை, சில செயற்கை. நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் வைக்க வேண்டும். மாடு என்று சொன்னதும் கோமாதாவே என்று எழுந்துபோனவர்களும் இருக்கிறார்கள், "பசுவா எருமையா?" என்று விசாரித்தவர்களும் இருக்கிறார்கள். பவுனம்மாளுக்குத் துகள் மட்டும் போதாது, துண்டாகவே வேண்டும். அவருடைய சொந்த முகவாய் எலும்பிலிருந்து எடுக்கலாம் என்றேன்.

"என்னுதுன்னா சரி" என்றார்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் செய்தோம். கீழுதட்டுக்கு உள்பக்கம் கீறி முகவாய் எலும்பைத் திறந்தேன். கீழ்ப்பற்களின் வேர்களுக்குக் கீழே ஐந்து மில்லிமீட்டர் தள்ளி, தபால்தலையில் பாதி அளவுக்கு இரண்டு கட்டம் வரைந்து அறுத்தேன். சகாயம் உப்புநீர் விட்டாள். சின்ன உளியால் நெம்பினபோது 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. இரண்டு துண்டும் ஈரத்துணிக்குள் போயின. மேலே, பழைய எலும்பில் நுண்ணிய துளைகள் போட்டு ரத்தம் கசிய விட்டேன், ரத்தம் வராத இடத்தில் எதுவும் ஒட்டாது. துண்டுகளின் கூரான ஓரங்களைத் தேய்த்து உருட்டி, பழைய எலும்போடு உட்காரவைத்து, துண்டுக்கு ஒன்றாகக் குட்டித் திருகு முடுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. இடுக்குகளை அவருடைய எலும்புச் சீவலாலேயே நிரப்பினேன். அப்புறம்தான் கஷ்டமான வேலை. மேடு பெரிதாகிவிட்டது, மூட வேண்டிய ஈறு அதே அளவுதான் இருக்கிறது. உள்பக்க உறையைத் தளர்த்தி, இழுக்காமல் தானாக வந்து மூடுகிற வரைக்கும் பொறுமையாக விடுவிக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் பிய்த்துக்கொள்ளும். இரண்டரை மணி நேரம் ஆனது. பவுனம்மாள் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லை.

கடைசி முடிச்சு விழுந்தது. சார் அனுமதித்த நேரம் வந்துவிட்டது என்று என் வாய் நினைத்துக்கொண்டது.

மூன்று வாரத்துக்குத் தகட்டுப் பல்லைத் தொடக் கூடாது என்றேன். தகடு புது எலும்பின் மேலேயே உட்காரும், தையலை அறுத்துவிடும். பவுனம்மாள் வீங்கிய உதட்டோடு, மே ஒன்றாம் தேதி கூட்டம் இருக்கிறதே என்று கையால் சைகை செய்து கேட்டார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"அதுக்கென்னம்மா, ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுங்க. மைக் இருக்கு, எல்லாருக்கும் கேக்கும்."

பவுனம்மாள் என்னையே பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த சகாயம், "அந்தம்மா சிரிக்கல டாக்டர்" என்றாள். உதடு மரத்திருக்கும்போது எப்படிச் சிரிப்பார் என்றேன்.

மே மூன்றாம் தேதி தையல் பிரிக்க வந்தார். தகட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வாயைத் திறந்தார். வலப்பக்கம் ஈறு பிளந்து, எலும்புத் துண்டின் மூலை வெள்ளையாக வெளியே தெரிந்தது. பல் மருத்துவர் பார்க்க விரும்பாத வெள்ளை அது.

எனக்குக் கோபம் வந்தது. செய்த வேலை வீணாகும்போது வரும் கோபம், அதில் பாதி தற்பெருமை. "நீங்களே சொன்னீங்களேம்மா, புது வரப்புல நடக்கக் கூடாதுன்னு" என்றேன்.

"ஆமா. தெரிஞ்சுதான் நடந்தேன்."

"எத்தனை நேரம் போட்டிருந்தீங்க?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும். தீர்மானம் நெறவேறிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கப்பா உங்க வீட்டு வாசல்ல வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நிப்பாரு. துண்டு இடுப்புல, கை வாயில. மூச்சு மேல படக் கூடாதும்பாங்க. நான் கூடவே நின்னுருக்கேன். நீங்க கையை வச்சுக்கிட்டுப் பேசச் சொன்னீங்க. அது என்னால ஆவாது டாக்டர். எலும்பு போனாப் போவட்டும்."

குரலை உயர்த்தவில்லை.

நான் அதைப் பார்த்திருக்கிறேன். களத்துக் கணக்கு முடிகிற நாட்களில் எங்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள், முதுகு வளைந்து, உள்ளங்கை உதட்டின் மேல். சின்ன வயதில் நான் அதை வீட்டுக்குள் நடித்துக் காட்டுவேன். துண்டை இடுப்பில் கட்டி, வாயைப் பொத்தி, கூழைக்குரலில் பேசிக் காட்டினால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாழ்க்கையில் நான் அடித்த முதல் ஜோக் அதுவாகத்தான் இருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷம் கழித்து, அதே ஜோக்கை, அப்படி நின்றவரின் மகளிடமே, மருத்துவ ஆலோசனையாகச் சொல்லியிருக்கிறேன். நினைத்துச் சொல்லவில்லை என்பது உண்மைதான். நினைக்காமல் வாயில் தயாராக இருந்தது என்பதுதான் அதைவிட மோசம்.

மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது சரளமாக வராது. நடுவில் ஒரு ஜோக் எட்டிப்பார்க்கும், அதை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன். பவுனம்மாள், "சரி, இப்ப என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

செய்ய வேண்டியது முதல்நாளே செய்திருக்க வேண்டியது. பல்லே இல்லாமல் அவரை அனுப்பியிருக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் இருக்கும் சொந்தப் பற்களின் முதுகில் மெல்லிய கம்பி ஒட்டி, அதில் மூன்று தற்காலிகப் பல்லைக் கோத்து, ஈறைத் தொடாமல் ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில் நிறுத்தலாம். கழற்ற முடியாது, கடிக்கவும் முடியாது, ஆனால் பேசலாம், சிரிக்கலாம். ஒரு மணி நேர வேலை. இவர்தான் தகட்டுக்குப் பழகினவராயிற்றே, மூன்று வாரம் வெறும் வாயோடு இருந்தால் என்ன என்று நானே முடிவு செய்திருந்தேன். சோம்பல்தான், வேறு பெயர் வேண்டாம்.

அன்றைக்கே கம்பியை ஒட்டினேன். வெளியே தெரிந்த மூலையைத் தேய்த்து இறக்கினேன். மூன்று நாளைக்கு ஒருமுறை வரச் சொல்லிக் கழுவினேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ் பிடித்துச் சலிக்காமல் வந்தார், அந்தக் கோடையில். இடப்பக்கத்துத் துண்டு தாக்குப்பிடித்தது. வலப்பக்கத்துத் துண்டு ஜூன் நடுவில் ஆட ஆரம்பித்தது. திருகைக் கழற்றி எடுத்தேன். பஞ்சில் வைத்து மூடப் போனவனைத் தடுத்து, காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார். அவருடைய எலும்பு, சின்னதாக, காய்ந்து, உயிரில்லாமல்.

"பாதி மிஞ்சிச்சில்ல?" என்றார்.

"மிஞ்சிச்சு."

"அப்ப மீதியையும் அணைங்க."

அவர் வேறு டாக்டரிடம் போயிருக்கலாம். தஞ்சாவூரில் இல்லையென்றால் திருச்சியில் இருந்தார்கள். நான்கூடச் சொல்லிப் பார்த்தேன், என்னைவிடக் கைதேர்ந்த ஒருவருக்குக் கடிதம் தருகிறேன் என்று. "புதுசா ஒருத்தருக்கு மொதல்லேருந்து சொல்லிக்கிட்டு இருக்கணும்" என்று மறுத்துவிட்டார். எதை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது தடவை. இந்த முறை கீழ்த்தாடையின் பின்மூலையிலிருந்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால். எனக்கு முந்தின இரவு தூக்கமில்லை என்று சொன்னால் உருக்கமாக இருக்கும், ஆனால் நன்றாகத் தூங்கினேன். முகக்கவசம் கட்டிக்கொண்டு, கண்மட்டும் தெரிய, ஊசியோடு அவர் முன்னால் போய் நின்றேன். பவுனம்மாள் நாற்காலியில் சாய்ந்து, கால்களை நீட்டி, வாயைத் திறக்கும் முன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப நீங்கதான் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க."

சகாயத்தின் கையிலிருந்து உப்புநீர்ப் புட்டி நழுவப் பார்த்தது. நான் சிரித்ததில் கவசம் மூக்கிலிருந்து இறங்கிவிட்டது, வேறு மாற்றிக்கொண்டு வந்தேன். முடிச்சு விழுவதற்கு முன்னாலேயே சொல்லப்பட்ட ஜோக்குகளில் சார்கூட அனுமதித்திருப்பார் என்று நான் நினைப்பது அது ஒன்றைத்தான்.

இந்த முறை ஈறு திறக்கவில்லை. பத்தாம் நாள் இளஞ்சிவப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் மூடியிருந்தது. கம்பிப் பல்லோடு அக்டோபர்க் கூட்டத்துக்குப் போய்ப் பேசினார். மறு வருஷம் பிப்ரவரியில் திறந்து பார்த்தேன். பழைய எலும்பு எது, வைத்த எலும்பு எது என்று கோடு போட முடியவில்லை. துளையிட்டபோது சிவந்த பொடி வந்தது, உயிருள்ள எலும்பு. திருகு இறுகின சத்தம் கைக்குத் தெரிந்தது. இரண்டு திருகு, மூன்று பல்லுக்கு.

ஜூலைக் கடைசியில் நிரந்தரப் பற்களை முடுக்கினேன். கண்ணாடியைக் கொடுத்தேன். ஒரே ஒரு தடவை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாக்கால் உள்பக்கம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பல் புதிதாக வைத்தால் பேச்சு சரியாக வருகிறதா என்று சோதிப்பது வழக்கம். ஸ, வ எல்லாம் அந்தப் பற்களில்தான் பிறக்கின்றன. நோயாளியிடம் அன்றைய செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். எடுக்கப் போனேன்.

"பேப்பரு வேணாம். என்கிட்டயே இருக்கு" என்று ரெக்சின் பையிலிருந்து தட்டச்சு செய்த தாள்களை எடுத்தார். மே மாதத் தீர்மானத்தின்மேல் தாலுகா அலுவலகத்து சர்வேயர் வந்து அளந்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அளந்து கொடுத்த பட்டியல் அது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தார். பாசன வாய்க்கால், கிழக்குக் கரை, சர்வே எண், மூன்றடி அகலத்துக்கு ஆக்கிரமிப்பு. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒலிகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சர்வே சுத்தமாக வந்தது. ஆக்கிரமிப்பு, எந்தத் தகராறும் இல்லாமல், அழுத்தமாக வந்தது. அடுத்ததாகப் பட்டாதாரர் பெயர், சீனிவாசன், தகப்பனார் பெயர் வைத்தியலிங்கம்.

கண்ணைத் திறந்தேன். சீனிவாசன் என் அப்பா. இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் ஊர் எல்லைக்குள் மிச்சமிருந்த துண்டு நிலத்தை ஒருவரிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, நான் பட்டாகூட மாற்றாமல் மறந்திருந்தேன்.

"குத்தகைக்காரரு வரப்பைத் தள்ளிப் போட்டது. நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்றார் பவுனம்மாள். "ஆனா நோட்டீசு பட்டாதாரருக்குத்தான். வாரிசு நீங்க. சரியா வருதா டாக்டர்?"

"எல்லாம் வருதும்மா" என்றேன். "ஒவ்வொரு எழுத்தும்."

கையுறையைக் கழற்றினேன். சகாயம், கேட்காமலே, தன் பேனாவை நீட்டினாள். அந்தத் தாள்களோடு இருந்த, அப்பா பெயருக்கான நோட்டீசில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பவுனம்மாள் அதைச் சரிபார்த்து, நகலை என்னிடம் தந்துவிட்டு, மூலத்தை மடித்துப் பையில் வைத்தார். எழுந்திருக்கப் போனவர் யோசித்தார்.

"இன்னும் ஏழு பேரு இருக்கு. அதையும் படிச்சுப் பாத்துரட்டுமா? ஆகஸ்டு பதினஞ்சாந்தேதி எல்லார் முன்னாலயும் படிக்கணும்."

வெளியே நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"படிங்கம்மா" என்றேன்.